படம் எங்கே ஆரம்பிக்க வேண்டும்?

குறும்படம் எடுக்கக் கிளம்பியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "முதல் காட்சியிலேயே கதை என்ன, இது என்ன மாதிரிப் படம் என்று தெரிந்துவிட வேண்டும் என்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே கொலை, விபத்து, அடிதடி என்று ஏதாவது வைத்தால்தான் ஆள் உட்காருவான் என்றும் சொல்கிறார்கள். என்னுடையது பன்னிரண்டு நிமிடத் திரில்லர். சென்னையில் தண்ணி லாரி ஓட்டும் ஒருவருக்கு, லாரியின் டேங்குக்குள் ஒரு பள்ளி மாணவியின் அடையாள அட்டை கிடைக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?" திரைக்கதையின் முதல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கங்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

அடிதடி வைத்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, தம்பி. முதல் காட்சி கதையைச் சொல்லிவிட வேண்டும் என்பதையும் நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். கதையைச் சொல்லத்தான் மீதிப் படம் இருக்கிறதே. ஆரம்பத்தில் நடக்க வேண்டியது, பார்க்கிறவரின் கண்ணையும் காதையும் பழக்குவது. இந்தப் படத்தில் எதைக் கவனிக்கணும், எதற்குப் பயப்படணும், எந்த இடத்தில் சிரித்தால் தப்பில்லை, ஒருவர் செத்துப்போனால் நாம் அழ வேண்டுமா, யார் கொன்றது என்று யோசிக்க வேண்டுமா? இதெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் அவருக்குப் பிடிபட்டுவிட வேண்டும். ஜானர், அதாவது படத்தின் வகை, என்று நாம் கதை டிஸ்கஷனில் ஓயாமல் பேசுவது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தைத்தான்.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் ஜோடி 'அபூர்வ சகோதரர்கள்' (1989), 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). இரண்டுக்கும் இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ். இரண்டிலும் கமல்ஹாசன், இரண்டுக்கும் கிரேஸி மோகன் வசனம், இளையராஜா இசை. முன்கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். கெட்டவர்களால் ஒரு குடும்பம் சிதறுகிறது, ஒரே பிரசவத்தில் பிறந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக வளர்கிறார்கள். எழுதிவைத்தால் இரண்டும் ஒரே பத்தியில் அடங்கிவிடும்.

ஆனால் 'அபூர்வ சகோதரர்கள்' அந்த முன்கதையை நம் கண்முன்னே நடத்திக் காட்டுகிறது. நேர்மையான போலீஸ் அதிகாரியை நாலு பேர் சேர்ந்து கொல்கிறார்கள். கர்ப்பிணியாக இருக்கும் அவர் மனைவியின் வாயில் விஷத்தை ஊற்றுகிறார்கள். அந்தக் காட்சியில் சிரிக்க ஓர் இடம்கூடக் கிடையாது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் சர்க்கஸ், பாட்டு, ஜனகராஜின் போலீஸ் காமெடி என்று எவ்வளவோ கலகலப்பு வருகிறது. இருந்தாலும் அந்த அதிகாரியின் மகன் அப்பு அந்த நாலு பேரில் ஒவ்வொருவரையும் நிதானமாகத் திட்டம்போட்டுக் கொல்லும்போது நமக்கு அது கொலையாகவே உறைப்பதில்லை, கணக்குத் தீர்ப்பதாகத்தான் படுகிறது. அந்த அனுமதியை நம்மிடமிருந்து முதல் காட்சி வாங்கிவிட்டது. அது இல்லாமல் நேராகச் சர்க்கஸில் படம் தொடங்கியிருந்தால் அப்பு ஒரு விபரீதமான ஆளாகத்தான் தெரிந்திருப்பார்.

'மைக்கேல் மதன காமராஜ'னிலும் பிறந்த நாலு குழந்தைகளைக் கொல்ல ஆள் அனுப்புகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அதைவிடக் கொடுமை ஏது? ஆனால் அதை ஒரு பாட்டாக, கதை சொல்லும் தொனியில் சில நிமிடங்களில் பாடி முடித்துவிடுகிறார்கள். கேட்கிற நமக்கு உடனே தெரிந்துபோகிறது: இந்தக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது, நாலும் எங்கேயோ முட்டிக்கொள்ளப்போகின்றன, அந்தக் குழப்பத்துக்குத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதற்குப் பிறகு கதையில் கொலை முயற்சி வந்தாலும் நாம் பயப்படுவதில்லை. இதில் ஒரு நுணுக்கம், முதல் படத்தில் அந்த நாலு பேரில் ஒருவராக வரும் நாகேஷ்தான் இரண்டாவது படத்தில் அவினாசி என்ற காமெடிப் பாத்திரம். அதே முகத்தைப் பார்த்து முந்தின வருடம் பதறிய கூட்டம் அடுத்த வருடம் விழுந்து விழுந்து சிரித்தது. நடிகர் திறமை பாதி. மீதி, படம் ஆரம்பத்தில் எந்தச் சுருதியில் நம்மை உட்காரவைத்தது என்பதில் இருக்கிறது.

அதனால் முதல் காட்சியை எழுதும்போது "என்ன நடக்கிறது" என்பதோடு, "இது எந்தத் தொனியில் நடக்கிறது" என்றும் எழுதிவையுங்கள். அந்த இரண்டாவது வரிதான் உங்கள் ஜானர்.

கொலையில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆரம்பிக்கலாம், அந்தக் கொலை ஒரு கேள்வியைக் கேட்டால். 1954-இல் வந்த 'அந்த நாள்' இன்றைக்கும் இதற்குப் பாடம். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த படம், பாட்டே கிடையாது. 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பான் குண்டு போட்டதற்கு மறுநாள், ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறார். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வந்து இரண்டே வருடம் ஆன நேரம் அது. அவருக்காக டிக்கெட் எடுத்து வந்த கூட்டத்தின் முன்னால், வந்த வேகத்தில் அவரைச் சாகடித்துவிடுகிறார்கள். சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்கு ஓடுகிறார். அவ்வளவுதான், படத்தின் விதி நமக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் கதாநாயகனைப் பின்தொடர முடியாது. அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைத்தான் கேட்க முடியும், சொல்கிறவர்களை நம்பலாமா கூடாதா என்று நாமே முடிவு செய்ய வேண்டும். துப்பறியும் படத்தின் பார்வையாளராக நம்மை மாற்ற ஒரு துப்பாக்கிச் சத்தமும் ஒரு மனிதர் விழுவதும் போதுமாக இருந்தன. அந்தக் கொலை அதிர்ச்சிக்காக வைத்ததாக இருந்திருந்தால் அடுத்த காட்சியிலேயே அதன் வேகம் தீர்ந்துபோயிருக்கும். இதில் கடைசி ரீல் வரை அந்தத் தோட்டாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

'வட சென்னை'யில் (2018) வெற்றிமாறன் இன்னும் ஒரு படி போகிறார். படம் 1987-இல் ஒரு ஹோட்டலில் ஆரம்பிக்கிறது. கொலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. நாலு பேர், மேஜைமேல் ரத்தம் காயாத ஆயுதங்கள், அடுத்து என்ன என்ற பேச்சு. செத்தது யார் என்று மட்டும் நமக்குச் சொல்வதில்லை. ரொம்ப நேரம் கழித்து அந்த ஆள் யார், எப்படிப்பட்டவர் என்று தெரியவரும்போது, அதுவரை பார்த்த அத்தனை விரோதமும் அந்த மேஜையிலிருந்து கிளம்பியது என்று புரிகிறது. கேங்ஸ்டர் படம் என்பது முதல் ஃபிரேமிலேயே தெரிந்துவிட்டது, அதில் ரகசியம் இல்லை. ஆனால் கொலைசெய்தவர்களின் முகத்தை முதலில் காட்டி, செத்தவரின் முகத்தை ஒளித்துவைத்ததால், "இவர்களில் யார் யாரை விற்கப்போகிறார்கள்" என்று பார்க்கப் பழகிக்கொள்கிறோம். படம் முழுக்க நடப்பதும் அதுதான்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலைப் பேசியாக வேண்டும். வெளியூர் திரைக்கதைப் புத்தகங்களில் இது இருக்காது. தமிழில் பெரிய ஹீரோ படத்துக்கு ஆரம்பம் இரண்டு: படத்தின் ஓப்பனிங் ஒன்று, ஹீரோவின் ஓப்பனிங் ஒன்று. அசோக் நகர் காசி தியேட்டரிலோ கோயம்பேடு ரோகிணி தியேட்டரிலோ முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்களுக்குத் தெரியும், ஹீரோ வந்து நின்ற முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் வசனம் ஒன்றும் காதில் விழாது. விசில், காகிதம், மேடைமேல் ஆட்டம். 'அண்ணாமலை' (1992) படத்தில் முதல்முறையாக 'சூப்பர் ஸ்டார்' என்று புள்ளிப் புள்ளியாக எழுத்து விழும் டைட்டில் வந்தபிறகு அந்த எழுத்துக்கே தனி ஆரவாரம். விவரம் தெரிந்த இயக்குநர்கள் அந்த நிமிடங்களில் கதைக்கு வேண்டிய எதையும் வைக்க மாட்டார்கள். வைக்க வேண்டியதை அதற்கு முன்னாலேயே வைத்துவிடுவார்கள். பெரிய படங்களில் ஹீரோ வருவதற்கு முன் ஒரு வில்லன் காட்சியோ ஒரு பழைய சம்பவமோ வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஹாலில் இன்னும் அமைதி இருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

'தனி ஒருவன்' (2015) இந்த வழக்கத்தை அருமையாகப் பயன்படுத்திக்கொண்டது. முன்பகுதி முழுக்க வில்லனுக்கு. அவன் பிறப்பு, பிறகு பையனாக இருக்கும்போதே ஒரு கொலைப்பழியை ஏற்றுக்கொண்டு அதற்கு விலையாகத் தன் அப்பாவுக்குத் தேர்தல் சீட் வாங்கித்தரும் சாமர்த்தியம். இதைப் பார்த்த பிறகு ஹீரோ வரும்போது, "இவன் அவனுக்கு ஈடுகொடுப்பானா" என்ற சந்தேகம் நமக்குள் வந்துவிடுகிறது. ஹீரோவின் பலத்தைக் காட்டுவதைவிட அந்தச் சந்தேகத்தை விதைப்பது திரில்லருக்கு நூறு மடங்கு உபயோகம்.

'பாட்சா' (1995) வேறு வழியில் போகிறது. ஆட்டோ ஓட்டும் மாணிக்கம், ஊருக்கு நல்லவர், ஆயுத பூஜைப் பாட்டு. அந்த ஓப்பனிங்கை மட்டும் பார்த்தால் அது ஒரு குடும்பப் படம். ஆனால் பார்க்கிற கூட்டத்துக்கு ரஜினி யார் என்று தெரியும். அடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போகும்போது, "எப்போது வெடிக்கும்" என்று ஹால் தானாகவே காத்திருக்கிறது. ஜானரைச் சொல்லும் வேலையைப் போஸ்டரும் நடிகரின் பெயரும் முன்கூட்டியே செய்துவிட்டன, ஆரம்பக் காட்சி அதைத் தள்ளிப்போட்டு ஏங்கவைக்கிறது. உங்களைப் போன்ற புதியவர்களுக்கு இந்த வசதி கிடையாது, தம்பி. உங்கள் நடிகரை யாருக்கும் தெரியாது, போஸ்டர் இல்லை. ஜானரைச் சொல்லும் முழுப் பொறுப்பும் உங்கள் முதல் நிமிடத்தின் தலையில்தான்.

ஒரே படத்துக்குள் இரண்டு உலகம் இருந்தால் என்ன செய்வது? 'ரோஜா' (1992) காட்டும் வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். காஷ்மீரில் ராணுவம் ஒரு தீவிரவாதத் தலைவனைச் சுற்றிவளைத்துப் பிடிக்கிறது. துப்பாக்கி, ஓட்டம், பதற்றம். அது முடிந்ததும் தென்தமிழ்நாட்டுக் கிராமம், வயல், ஒரு பெண்ணின் சின்னச் சின்ன ஆசைகள், பாட்டு. இரண்டையும் இணைத்து ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அந்தக் காஷ்மீர்க் காட்சியை எடுத்துவிட்டுப் பாருங்கள், முதல் அரைமணி நேரம் அழகான கிராமத்துக் கல்யாணக் கதை, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அது முன்னால் இருப்பதால், ரோஜா சிரிக்கும் ஒவ்வொரு முறையும் நமக்குள் ஒரு மூலையில் உறுத்துகிறது. கிராமத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று நமக்கு மட்டும் தெரியும். இந்த "நமக்கு மட்டும் தெரியும்" என்பது திரில்லர் எடுக்கிறவர் கையில் இருக்கும் மிக மலிவான, மிக வலுவான கருவி. ஒரு பைசா செலவில்லை.

இப்போது நான் கொஞ்சம் நின்று பேச நினைக்கும் படத்துக்கு வருகிறேன். 'பரியேறும் பெருமாள்' (2018). மாரி செல்வராஜின் முதல் படம்.

வேட்டைக்குப் போன இளைஞர்கள் நாய்களோடு ஒரு குட்டையில் இறங்குகிறார்கள். வெயில், கலங்கிய தண்ணீர், நாய்களைக் குளிப்பாட்டுகிறார்கள். தூரத்தில் வேறு சிலர் வருவது தெரிந்ததும், வம்பு வேண்டாம் என்று இவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். வந்தவர்கள் அந்தக் குட்டையில் சிறுநீர் கழிக்கிறார்கள். கைகலப்பு இல்லை, யாரும் யாரையும் தொடவில்லை. அதற்குப் பிறகு இவர்களுடைய கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டு, ரயிலில் அடிபட்டுச் சாகிறது. கட்டியவர்களின் கையை நாம் பார்ப்பதில்லை. ஊரே திரண்டு, ஒரு மனிதருக்குச் செய்வதுபோல அந்த நாய்க்குச் சாவு எடுக்கிறது.

இந்த ஆரம்பம் என்னவெல்லாம் பழக்குகிறது என்று பாருங்கள். எழுந்து போகிறவர்கள் எப்போது எழுந்தார்கள் என்பதைக் கவனிக்கவைக்கிறது. வார்த்தை பேசும் முன்பே, ஆள் கிட்ட வரும் முன்பே. அந்த வேகத்தில் தலைமுறைகளின் பயம் இருக்கிறது, அதை எந்த வசனமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்தது, இந்தப் படத்தில் வன்முறை சண்டைக்காட்சியாக வராது, ஆள் இல்லாத நேரத்தில், விபத்துபோல வரும் என்று சொல்லிக்கொடுக்கிறது. பின்பாதியில் ஒரு பெரியவர் சத்தமில்லாமல் ஒவ்வொரு ஆளாகத் தீர்த்துக்கட்டுவதையும், எல்லாமே தற்செயல் சாவாகத் தெரிவதையும் பார்க்கும்போது நமக்கு அது புதிதாகத் தெரியாமல் போவது இதனால்தான். கடைசியில் கதை மறுபடி தண்டவாளத்துக்கே வருகிறது. கதாநாயகன் பரியனை அங்கே கிடத்தப் பார்க்கிறார்கள். கருப்பிக்கு நடந்ததைப் பார்த்த கண்ணுக்கு அந்த இரும்பைக் காட்டினாலே போதும், வயிற்றைப் பிசைகிறது. இத்தனைக்கும், "இது சாதியைப் பற்றிய படம்" என்று அந்தக் காட்சியில் ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை.

அதே இயக்குநரின் 'கர்ணன்' (2021) நடுரோட்டில் வலிப்பு வந்து துடிக்கும் சிறுமியில் ஆரம்பிக்கிறது. பஸ்கள் நிற்காமல் போகின்றன. ஊரில் பஸ் நிற்காததுதான் கதை. இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வது நல்ல திரைக்கதைகளில் அடிக்கடி நடக்கும். 'நாயகன்' (1987) எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஒரு சிறுவனை ஏமாற்றி விடுவித்து, அவன் பின்னாலேயே போய் அவன் அப்பாவைச் சுட்டுக் கொல்கிறது. பையன் அந்த அதிகாரியைக் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடுகிறான். முடிவில், அந்தப் பையன் வளர்ந்து ஆன வேலு நாயக்கரைச் சுடுவது, அவர் கொன்ற ஒரு போலீஸ் அதிகாரியின் மகன். 'காட்ஃபாதர்' (1972) படத்தோடு இதை எப்போதும் ஒப்பிடுகிறார்கள், ஆனால் ஆரம்பங்கள் வேறு வேறு. அங்கே இருட்டறையில் ஒருவர் நியாயம் கேட்டு மன்றாடுகிறார், கேமரா மெல்லப் பின்வாங்கும்போது கேட்டுக்கொண்டிருப்பவரின் தோளும் கையும் தெரிகின்றன. அதிகாரம் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது, வெளியே கல்யாணம் நடக்கிறது. மணிரத்னம் அந்த நாற்காலிக்கு ஆள் எப்படி வந்து சேர்ந்தார் என்பதிலிருந்து தொடங்குகிறார். அதனால்தான் ஒன்றைப் பார்க்கும்போது "இந்த இடம் அடுத்து யாருக்கு" என்று கேட்கிறோம், இன்னொன்றில் "இவர் செய்தது சரியா" என்று கேட்கிறோம். 'நாயகன்' முடியும்போது பேரன் வாயில் வரும் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதானே.

வேண்டுமென்றே தப்பான பக்கம் பழக்கும் ஆரம்பங்களும் உண்டு. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) ஊர்ப் பெயர், தேதி, மதியம் 2:43 என்று நேரம் உட்பட எழுத்தில் போட்டு ஆரம்பிக்கிறது. மதிய இடைவேளையில் ஹோட்டல் அறையில் ஒரு ஜோடி, பணமில்லாததால் கல்யாணம் தள்ளிப்போகிறது. பணத் திருட்டுக் கதைக்கு நம்மைத் தயார்செய்துவிட்டு, பாதியில் தரையை உருவிவிடுகிறார். அதைச் செய்ய ரொம்பக் கைத்தேர்ச்சி வேண்டும். பன்னிரண்டு நிமிடப் படத்தில் முயற்சி செய்யாதீர்கள், பழக்கவே நேரம் பத்தாது.

எடிட்டிங் டேபிளில் அடிக்கடி நடக்கும் ஒரு வைத்தியம் இருக்கிறது. ஆரம்பம் மந்தமாக இருக்கிறதா, கிளைமாக்ஸிலிருந்து ரத்தமும் ஓட்டமுமாக ஒரு துண்டை வெட்டி முன்னால் ஒட்டி, "மூன்று நாட்களுக்கு முன்" என்று கார்டு போட்டுவிடுவது. பெரும்பாலும் இது பலவீனத்தை மறைப்பதற்குத்தான். மறைவதும் இல்லை, அந்த மந்தமான காட்சி ஐந்து நிமிடம் தள்ளி அப்படியேதான் காத்திருக்கும். முன்னால் கொண்டுவரும் துண்டு, அதற்குப் பின் வரும் காட்சிகளின் அர்த்தத்தை மாற்றினால் மட்டும் இதைச் செய்யலாம். 'அலைபாயுதே' (2000) அப்படிப்பட்டது. கார்த்திக் பைக்கில் பாடிக்கொண்டு மனைவியை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகிறான். முகம் முழுக்கச் சிரிப்பு, பாட்டும் அப்படியே. சக்தி வரவில்லை. ரயில் வருகிறது, போகிறது, அவளைக் காணோம். அதற்குப் பிறகுதான் அவர்கள் சந்தித்த கதை. எத்தனையோ காதல் படங்களில் பார்த்த கண்ணாமூச்சிதான், ஆனால் அவள் காணாமல் போயிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு பார்ப்பதால் அந்தக் குறும்பு ஒவ்வொன்றிலும் ஒரு தவிப்பு சேர்ந்துகொள்கிறது. 'காக்க காக்க' (2003) அடிபட்ட போலீஸ் அதிகாரி அன்புச்செல்வன் தண்ணீரில் விழுவதில் தொடங்குகிறது. 'சுப்ரமணியபுரம்' (2008) பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவரை வாசலிலேயே குத்திச் சாய்ப்பதில் தொடங்குகிறது. குத்துப்பட்டவர் யார், எதற்காக என்று தெரியும்போது படம் முடிந்துவிடுகிறது. இவை மூன்றிலும் முன்னால் வந்த துண்டை எடுத்துவிட்டால் கதை புரியும், ஆனால் நாம் பார்க்கும் விதம் மாறிவிடும். இதுதான் சோதனை.

அடுத்து ஊரைக் காட்டும் விஷயம். உங்கள் கதை சென்னையில் நடப்பதால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். அந்தக் காலத்தில் பட்டணம் என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு, 1959-இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம், மெரினா. மதுரைப் பக்கத்திலிருந்து வரும் கதாநாயகன்கூடப் பையோடு சென்ட்ரல் வாசலில்தான் நிற்பார். தென்மாவட்ட ரயில்கள் எழும்பூருக்குத்தான் வரும், ஆனால் சென்ட்ரலின் முகப்பு கேமராவுக்கு அப்படி அமைந்துவிட்டது. இன்றைக்கு அந்த இடத்தில் ட்ரோன் வந்திருக்கிறது. கத்திப்பாரா மேம்பாலம், நேப்பியர் பாலம், ஒரு வட்டம், அவ்வளவுதான். அது "சென்னை" என்று சொல்கிறது, யாருடைய சென்னை என்று சொல்வதில்லை.

பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) ஒரு சுவரில் ஆரம்பிக்கிறது. வடசென்னைக் குடியிருப்பில், அரசியல்வாதியின் படம் வரைந்த சுவர். அதை யார் பிடித்தார்கள், அதற்காக யார் செத்தார்கள் என்ற சரித்திரம் வாய்ஸ் ஓவரில், அதாவது பின்னணிக் குரலில், வருகிறது. வாய்ஸ் ஓவர் எனக்குப் பொதுவாகப் பிடிக்காது, ஆனால் இங்கே அது ஊர்ப்பேச்சுபோல ஒலிக்கிறது. ஒரு சுவரைக் கண்டு பயப்பட நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. பிறகு கார்த்தியும் கேத்தரின் தெரசாவும் காதலிக்கும்போதுகூட, பின்னால் அந்தச் சுவர் தெரிந்தால் நமக்கு ஒரு மாதிரி ஆகிறது. மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) அதைவிடச் சின்ன இடத்தில் தொடங்குகிறது: ராத்திரியில் படுக்கையை நனைத்துவிட்ட சின்னப் பையன், அதை யாருக்கும் தெரியாமல் மறைக்கப் பார்ப்பது. எத்தனை பேர் அந்த ஒரே அறையில் நெருக்கிப் படுத்திருக்கிறார்கள், பையனுக்கு எவ்வளவு ரோஷம், வீட்டில் எவ்வளவு பிரியம் என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஏழ்மையைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று உட்கார வேண்டாம், இந்தப் பையன்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே வரலாம் என்று அனுமதி கொடுக்கிறது. அந்த அனுமதி இல்லாமல் அந்தப் படம் இல்லை.

சரி, உங்கள் பக்கங்களுக்கு வருவோம்.

நீங்கள் எழுதியிருப்பது இது: வறண்ட ஏரியின் மேல் ட்ரோன், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி வாய்ஸ் ஓவர், அலாரம் அடித்து டிரைவர் எழுவது, பல் தேய்ப்பது, லாரிக்குப் போவது, டேங்கைக் கழுவ இறங்குவது, அட்டையைக் கண்டெடுத்து அதிர்வது. மூன்று நிமிடம். ஏரியும் குரலும் டாக்குமெண்டரிக்குப் பழக்குகின்றன. அலாரமும் பல்லும் குடும்பக் கதைக்குப் பழக்குகின்றன. திரில்லர் மூன்றாவது நிமிடத்தில் வந்து சேரும்போது, பார்க்கிறவரிடம் அதை வாங்கிக்கொள்ளக் கை காலியாக இல்லை. இதில் இன்னொன்று, அட்டையைக் கண்டு அவர் அதிர்ந்தால் நாமும் அதிர்ந்து முடித்துவிடுகிறோம். அடுத்துக் காத்திருக்க எதுவும் மிச்சமில்லை.

நான் தெருவில் ஆரம்பிப்பேன். காலை, லாரி நிற்கிறது, பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக. முதல் ஃபிரேமில் குடத்தின் வாய், தண்ணீர் விழும் சத்தம் மட்டும். ஏழெட்டுக் குடம் நிரம்புகிறது. அப்புறம் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றுபோகிறது. "என்னண்ணா ஆச்சு?" டிரைவர் ஹோஸைத் தட்டுகிறார், வால்வைத் திருகுகிறார். பின்பக்க ஏணியில் ஏறுகிறார். கேமரா மேலே போக வேண்டாம், கீழே பெண்களோடு நிற்கட்டும். நமக்குத் தெரிவது ஏணியில் அவர் கால்கள், மூடி திறக்கும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இந்த 'ஒன்றுமில்லை'யை எடிட்டர் குறைக்கப் பார்ப்பார், விடாதீர்கள். கால்கள் இறங்குகின்றன. ஒரு கை சட்டைப்பையில் இருக்கிறது. "தண்ணி தீர்ந்துபோச்சும்மா, அவ்ளோதான்." ஒரு பெண் விடுவதில்லை: "பத்துக் குடம்கூட ரொம்பல, அதுக்குள்ள எப்படிண்ணா தீரும்?" அவர் பதில் சொல்லாமல் வண்டியில் ஏறுகிறார். லாரி நகரும்போது மேல்மூடியின் ஓரத்தில் தண்ணீர் தளும்பி வழிந்து தெருவில் கோடு போடுகிறது. பெண்கள் அதைப் பார்க்கிறார்கள்.

இதில் கொலையும் இல்லை, விபத்தும் இல்லை. ஒருவர் பொய் சொன்னார், அந்தப் பொய்யை நாமும் அந்தத் தெருவும் பார்த்துவிட்டோம். பார்க்கிறவர் இனி அந்தச் சட்டைப்பையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். அட்டை எப்போது வெளியே வர வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது, நாலாவது நிமிடம் வரை தாங்கும் என்று நினைக்கிறேன். அதில் இருக்கும் புகைப்படத்தை இன்னும் தள்ளிப்போட்டால்கூட நல்லது. தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றித் தனியாக ஒரு வரியும் வேண்டாம், அந்தக் குடவரிசையே அதைச் சொல்லிவிடும்.

இப்படி எடுத்த முதல் ஒன்றரை நிமிடத்தை, டைட்டில்கூடப் போடாமல், கதை தெரியாத நாலைந்து பேருக்குப் போட்டுக்காட்டுங்கள். 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இனி என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஊகம் தப்பாக இருக்கலாம், பரவாயில்லை. ஆனால் எல்லோருமே அந்த டிரைவரைப் பற்றி, அவர் எதை மறைக்கிறார் என்பதைப் பற்றிப் பேசினால் காட்சி வேலை செய்கிறது. ஒருவர் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியும் இன்னொருவர் ஒளிப்பதிவைப் பற்றியும் பேசினால் மறுபடி எடிட்டில் உட்காருங்கள். டைட்டிலை அந்த ஈரக் கோட்டுக்குப் பிறகு போடுங்கள். நன்றி கார்டுகள் எல்லாம் கடைசிக்குப் போகட்டும்.